சருகுக்குக் கீழே



நேற்று மாலை இங்கே காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடித் தோப்பு ஒன்றில் மாமரத்தடிச் சருகை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம் காயவில்லை. கடுகளவு மண் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு குவியலாகக் கிடந்தன: நாங்கூழ்க் கட்டி, அதாவது மண்புழுவின் எச்சம். பத்தடி தள்ளி, பெருக்கிக் கூட்டிச் சருகைக் கொளுத்திய இடத்தில் ஒரு கட்டிகூட இல்லை. நான் சொல்ல வந்தது அந்தப் பத்தடிக்குள் அடங்கிவிடும்.

டார்வின் மண்புழுவைப் பற்றிய தம் நூலை 1881இல் வெளியிட்டார். பத்தே ஆண்டில், 1891இல், சுந்தரம் பிள்ளை தம் மனோன்மணீயத்தில் நாங்கூழை உழவனாகக் கண்டு வியக்க ஒரு பாத்திரத்தையே நிறுத்தினார். தமிழில் அறிவியலும் கவிதையும் அவ்வளவு நெருங்கி வந்த இடங்கள் குறைவு.

உழுவது மட்டுமா புழுவின் வேலை? மண்ணில் நுண்ணுயிருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கின்றன. உணவு அருகிலேயே இருந்தும் நகர்ந்துபோய்த் தொட வழியில்லை. புழு தான் விழுங்கிய மண்ணில் நீரையும் தன் குடற்கோழையையும் கலக்கிறது. எளிதில் செரிக்கும் அந்தக் கோழையைத் தின்று பாக்டீரியாக்கள் விழிக்கின்றன. விழித்தபின் எளிதில் சிதையாத மட்கையும் சிதைக்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர் பத்ரிக் லவேல் இதை உறங்கும் அழகியின் கதையோடு ஒப்பிட்டார். நமக்கு அகலிகை போதும்.

அமெரிக்காவில் லண்ட், ஜேக்கப்சன் இருவரும் 1944இல் வெளியிட்ட கணக்கு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: மேல்மண்ணைவிடக் கட்டியில் நைட்ரேட் 5 மடங்கு, பயிருக்குக் கிட்டும் மணிச்சத்து 7 மடங்கு, சாம்பல்சத்து 11 மடங்கு. இதைப் புழு படைத்த சத்து என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணிலும் சருகிலும் பூட்டிக் கிடந்தவை. புழுவும் நுண்ணுயிரும் சேர்ந்து பூட்டைத் திறக்கின்றன. சருகை எரித்துவிட்டால் அவற்றுக்கு உண்ண என்ன மிச்சம்?

நெதர்லாந்தில் கடலிடமிருந்து மீட்ட நிலத்துப் பழத்தோட்டங்களில் வான் ரீ என்ற ஆய்வாளர் மண்புழுக்களைக் கொண்டுவந்து விட்டார். மண் கட்டமைப்பு உறுதிப்பட்டது, மெல்லிய வேர்கள் பெருகின; காய்ப்பு மட்டும் தெளிவாகக் கூடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லி ஆண்டுக்கணக்கில் தேங்கிய தோட்டங்களில் புழு அழிந்து, இலை மக்காமல் மெத்தையாகப் படிந்த செய்தியும் அந்நாட்டிலிருந்து வந்ததுதான். செம்பு சேர்ந்த போர்டோ கலவையைத் தெளிக்கும் நாம் அதை மறக்கக் கூடாது.

நம் குறை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தொட்டிப் புழுவுக்குக் காட்டும் அக்கறையைத் தோப்புப் புழுவுக்குக் காட்டவில்லை. உரத்தொட்டியில் நாம் வளர்க்கும் ஐசீனியா சாணத்திலும் மக்கும் குப்பையிலும் பிழைப்பது. கோடையில் வெடிக்கும் களிமண்ணில் அது நிற்காது. அங்கே உழைப்பது லாம்பிட்டோ மாரிட்டி போன்ற நாட்டுப் புழு. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஆய்வாளர் சேனாபதியும் லவேலும் 1990களில் செடி வரிசைகளுக்கிடையே குழி வெட்டி, கவாத்துக் கழிவையும் புழுவையும் அங்கேயே புதைத்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்கே சோற்றைக் கொண்டுபோன முறை அது. காரைக்கால் அம்மையார் விழாவில் மாங்கனியை வாரி இறைக்கும் இந்த ஊரில், மாமரத்தடியிலும் அதைச் செய்து பார்க்க வேண்டும்.

முதல் அமர்வு முடிந்ததும் அந்தத் தோப்புக்குப் போவோம். சருகு மூடிய இடத்தில் ஓரடிச் சதுரம், கொளுத்திய இடத்தில் ஓரடிச் சதுரம் தோண்டிப் புழுக்களை எண்ணலாம். மண்வெட்டி இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.