சைக்கிள் உடை சாலைக்கு மட்டும்தானா?

(“சைக்கிள் உடையை அன்றாட உடையாக அணிவது நாகரிகமா, அநாகரிகமா?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்து மேடையில், ‘நாகரிகமே’ என்ற அணியில் பினாங்கு, ஜெலுத்தோங்கைச் சேர்ந்த பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “சைக்கிள் உடையைச் சைக்கிள் ஓட்டும்போது போடுங்கள். பசாருக்கு எதற்கு? கோப்பிக்கடைக்கு எதற்கு? சைக்கிளே இல்லாதவர்கள்கூட இப்போது போட்டுக்கொண்டு திரிகிறார்களே, இது என்ன கோலம்?” என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்தக் கைதட்டல் அடங்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். இப்போது பதில் சொல்கிறேன்.

நான் ஜெலுத்தோங்கிலிருந்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். விடியும் முன்னே புறப்பட்டு, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் புலாவ் என்று தீவையே ஒரு சுற்று, சுமார் 70 கிலோமீட்டர் ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் பிள்ளைகளோடு மெதுவாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் இவர்கள் எங்கே போவார்கள்? ரொட்டி சானாய் சாப்பிடத்தான் போவார்கள்! வழியில் பசாரில் மீன் வாங்குவார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி, மறுபடி வந்து மீன் வாங்கு என்றால், அதற்குள் நல்ல மீனெல்லாம் தீர்ந்துவிடும், அண்ணே!

பந்து எங்கே தம்பி?

சரி, சைக்கிள் ஓட்டி வந்தவர்களை விட்டுவிடுவோம். சைக்கிள் ஓட்டாமலே அந்தச் சட்டையைப் போடுகிறவர்களை என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள்.

நம் நாட்டில் மாமாக் கடைக்குப் போனால் இரவு இரண்டு மணிக்கும் மென்செஸ்டர் யுனைடெட் சட்டையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர்களைப் பார்த்து “பந்து எங்கே தம்பி?” என்று யாராவது கேட்டதுண்டா? காலர் வைத்த பருத்திச் சட்டையை வார இறுதியில் போடுகிறோமே, அது டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்காக வந்த சட்டை. ஜீன்ஸ் காற்சட்டை உழைப்பாளிகளுக்காக 1873-இல் செப்பு ஆணி வைத்துத் தைத்த முரட்டுத் துணி. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட நாம் சைக்கிள் சட்டைக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

அந்தச் சட்டையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ஸிப் இருக்கும். வெயில் ஏறினால் இறக்கிக்கொள்ளலாம். பின்பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கும். குனிந்து ஓட்டும்போது முதுகு தெரியக் கூடாது என்பதற்காக. மறைப்பதற்கென்றே நீளம் வைத்த சட்டையைத்தான் நாம் மரியாதை இல்லாத சட்டை என்கிறோம்! முதுகில் மூன்று பை உண்டு. கைப்பேசி, பணம், வீட்டுச் சாவி எல்லாம் அதில் அடங்கும். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பில் ஒட்டும். இந்தத் துணி வியர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் காய்ந்துவிடும். பினாங்கு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இதைவிட வேறு என்ன வேண்டும்?

இறுக்கமான காற்சட்டைதான் பலருக்கு உறுத்துகிறது. முன்பு சைக்கிள் பந்தயக்காரர்கள் கம்பளிக் காற்சட்டைதான் போட்டார்கள். நனைந்தால் தொங்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும். அமெரிக்காவின் டூபோன் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-இல் இழுபடும் இழை ஒன்றை உருவாக்கினார். அதுதான் லைக்ரா. தொடை புண்ணாகாமல் ஓட்டுவதற்காகத்தான் சைக்கிள் காற்சட்டை உடம்போடு ஒட்டியது. பிறகு அது சாலையை விட்டு இறங்கியது. 1990-களில் டயானா இளவரசி உடற்பயிற்சிக் கூடத்துக்கு அந்தக் காற்சட்டையும் தொளதொளப்பான மேல்சட்டையுமாகப் போய்வந்த படங்கள் உலகமெல்லாம் சுற்றின. 2017-இல் பாரிஸில் வர்ஜில் அப்லோ நடத்திய ஆடைக் காட்சி அந்த டயானாவை நினைத்தே அமைந்தது. அதில் சைக்கிள் காற்சட்டை மேடையேறியது. அதன் பின் கடைக்குக் கடை வந்துவிட்டது.

காப்பிக்கடை வாசலில் ஒரு வழக்கு

இது இன்றைய பிள்ளைகள் கொண்டுவந்த சண்டை என்று நினைக்க வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கும் மேலான சண்டை இது.

1898 அக்டோபரில், இங்கிலாந்தில் ஹார்பர்ட்டன் சீமாட்டி என்ற அம்மையார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஓக்கம் என்ற ஊருக்கு வந்தார். பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டவர் அவர். அந்தக் காலத்து நீளப் பாவாடை சைக்கிள் சங்கிலியில் சிக்கி ஆளையே கீழே தள்ளும். அதனால் முழங்காலுக்குக் கீழே கட்டிய தொளதொள காற்சட்டை அணிந்திருந்தார். அங்கிருந்த விடுதியில் காப்பி அறைக்குள் நுழையப் போனார். விடுதிக்கார அம்மா, “இந்த உடையோடு இங்கே உட்கார முடியாது, வேண்டுமானால் ஆண்கள் குடிக்கும் பக்கத்து அறையில் போய் உட்காருங்கள்” என்ற பொருளில் மறுத்துவிட்டார். சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது. 1899-இல் தீர்ப்பு விடுதிக்காரருக்குச் சாதகமாக வந்தது.

வழக்கு தோற்றது. ஆனால் காற்சட்டை தோற்கவில்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். பார்த்துப் பார்த்துக் கண்கள் பழகிவிட்டன. இன்று அதே நாட்டில் காற்சட்டை போட்ட பெண்ணைக் காப்பிக்கடையில் யார் தடுப்பார்கள்?

நம்மிடமும் அதே கதைதான். பஞ்சாபி சூட் நம் வீடுகளுக்குள் வந்தபோது “இது என்ன தமிழ்ப்பெண் போடுகிற உடையா?” என்று கேட்ட பாட்டிமார்கள் எத்தனை பேர்! இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறோம். அதற்குத் துப்பட்டாவை ஒழுங்காகப் போடச் சொல்லும் பாட்டியும் அதே பாட்டிதான்!

புதுக்கோட்டை சொன்ன பாடம்

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கொடுக்க வந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், கிராமத்துத் தாதிமார்கள் எல்லாரும் கற்றார்கள். ஊர் கேலி செய்தது; அசிங்கமான பேச்சுகள் வந்தன. அவர்கள் இறங்கவில்லை. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500 பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்கள் லைக்ரா போடவில்லை. சேலையிலும் தாவணியிலும்தான் ஓட்டினார்கள். பிறகு ஏன் சொல்கிறேன்? ஒரு பெண் ஓட்டினால் ஊர் கேலி செய்கிறது. 1,500 பேர் ஓட்டினால் ஊர் வழிவிடுகிறது. இன்றைக்கு நம் தலைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெண்பிள்ளை. வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தாள். கார் வாங்க வசதியில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஒருநாள் திரும்பும் வழியில் காய்கறி வாங்க நின்றாள். சைக்கிள் காற்சட்டை, மேலே நீளச் சட்டை. நமக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நாலு பேர் காதில் விழ, “என்னம்மா, மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துட்டியா?” என்றார். சிரிப்புத்தான். ஆனால் அடுத்த வாரம் அந்தச் சைக்கிள் வராந்தாவில் பூட்டிக் கிடந்தது. அவள் அம்மாவே “வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டார்.

யோசியுங்கள். நாம் உடையைத்தான் கண்டித்தோம். நின்றுபோனது சைக்கிள். அதோடு அவளுடைய நேரம், காசு, உடற்பயிற்சி எல்லாம் நின்றுபோயின. அதே பசாரில் அன்றைக்கு அதே மாதிரி காற்சட்டையில் இன்னும் பத்துப் பேர் நடந்திருந்தால், அந்த அக்கா வாயைத் திறந்திருப்பாரா? சைக்கிள் இல்லாமல் போடுகிறார்களே என்று நீங்கள் கேலி செய்கிறவர்கள், தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். நம் கண்களைப் பழக்குகிறார்கள். தேவைக்காகப் போடுகிற பிள்ளைக்கு அது ஒரு வேலி, ஐயா!

2023 தொடக்கத்தில் காஜாங் காவல் நிலையத்தில் உடையைக் காரணம் காட்டி ஒரு பெண் உள்ளே விடப்படவில்லை என்ற செய்தி நாடு முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும். அவசர வேளையில் உடைக்காகச் சேவையை மறுக்கக் கூடாது என்று அரசாங்கத் தரப்பே பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. சைக்கிளில் போகிற பெண் கீழே விழுந்தால், புகார் கொடுக்க எந்த உடையில் போவாள்? விழுந்த உடையில்தானே போவாள்!

இடம் அறிதல்

எதிரணி அம்மா ஒருவர், “கோயிலுக்கும் இப்படியே வருவீர்களா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. வரமாட்டேன். தண்ணீர்மலை முருகன் சந்நிதிக்கு ஓர் உடை உண்டு. துக்க வீட்டுக்கு ஓர் உடை உண்டு. அதை மதிக்க வேண்டும். அது கஷ்டமும் இல்லை. ஒரு கைலியோ வேட்டியோ மடித்தால் சைக்கிள் பையில் கையளவு இடம்தான் பிடிக்கும். வாசலில் இடுப்பில் சுற்றினால் முடிந்தது.

என் பக்கத்து இளைஞர்களுக்கும் இரண்டு வார்த்தை. உள்ளே மெத்தை வைத்துத் தைத்த காற்சட்டை இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுவதற்காக. நனைந்த மெத்தையோடு நாள் முழுக்கச் சுற்றினால் தோல் அரிக்கும். அன்றாடத்துக்கு மெத்தை இல்லாததைப் போடுங்கள். மேலே நீளச் சட்டையோ, தொளதொள அரைக்காற்சட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் கட்டை வைத்த சைக்கிள் காலணியோடு கோப்பிக்கடை ஓட்டுத்தரையில் ‘டக் டக்’ என்று நடந்து வழுக்கி விழாதீர்கள். எதிரணிக்கு இன்னொரு கைதட்டல் போய்விடும்!

கடைசியாக ஒன்று. அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலமும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றபோது நாம் எல்லாரும் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று கைதட்டினோம். 2012-இல் பாத்தேஹா முஸ்தாபா மலேசியாவிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதல் பெண் தடப் பந்தயச் சைக்கிளோட்டியானபோது பெருமைப்பட்டோம். அவர்கள் என்ன, கோட்டும் சூட்டும் போட்டா ஓட்டினார்கள்? திரையில் கைதட்டிய அதே உடைக்குப் பசாரில் முகம் சுளிக்கலாமா?

தாய்மார்களே, நாளைக் காலை பசாரில் அப்படி ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தில் நின்றால், காற்சட்டையைப் பார்க்காதீர்கள். “எங்கேயிருந்தம்மா ஓட்டி வர்றே, களைப்பா இருக்கா?” என்று கேளுங்கள். அது போதும். அவள் மறுநாளும் சைக்கிளை எடுப்பாள். ஒருவேளை அவள் சைக்கிளே ஓட்டாதவளாக இருந்தாலும், நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்காகவே ஒரு சைக்கிள் வாங்கினாலும் வாங்குவாள்!

எனவே நடுவர் அவர்களே, சைக்கிள் உடை அன்றாட உடையாவது நாகரிகமே.