பந்து உதைப்பதும் தொழில்தான்

(குருநகரில் விளையாட்டு வீரர்களும் கடற்றொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் சங்கத்துக்கும் பந்து உதைக்கிற தம்பிமாருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். குருநகரில் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். தோட்டத்தில் மலைக்குப் போனால்தான் பேர் விழும். கழகம் கழகமாகப் போய் ஆடுகிறவனுக்கும் அதே கணக்குத்தான். இறங்கி ஆடினால் காசு. கால் முறிந்தால் ஒன்றுமில்லை.

இது பாடும்மீன் கழகத்தின் ஊர். உதைபந்தாட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டக்காரனின் பிழைப்பைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கேரளத்தில் பாலக்காட்டைச் சேர்ந்தவர் ஆர். தனராஜன். தடுத்தாடும் வீரர். விவா கேரளா, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கூப்பிட்ட கழகத்துக்கெல்லாம் போய் ஆடியவர். வயது ஏறிய பிறகும் பந்தை விடவில்லை. மலபாரில் இரவு வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் 'செவன்ஸ்' ஆட்டங்கள் உண்டு. ஆடினால் அந்த ஆட்டத்துக்குக் காசு. நம் தோட்டத்துக் கைக்காசு வேலை மாதிரி. 2019 டிசம்பர் 29 இரவு பெரிந்தல்மண்ணையில் ஆடிக்கொண்டிருந்தபோதே தனராஜன் சரிந்து விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோயும் உயிர் திரும்பவில்லை. வயது 39.

அவருடைய குடும்பத்துக்குப் பணம் சேர்க்க, அடுத்த மாதம் பாலக்காட்டில் ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். பார்வையாளர் அமர்ந்த தற்காலிக மேடை இடிந்து பலர் காயப்பட்டார்கள். நல்ல மனத்தோடுதான் கூடினார்கள். ஆனால் உழைத்தவனின் குடும்பம் உரிமையாகப் பெறவேண்டியதை, ஊர் கூடி உண்டியல் குலுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. குறை அங்கேதான் இருக்கிறது.

இது புதுக்கதை அல்ல. 1907 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் இரண்டாம் அணி ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டிய தாமஸ் பிளாக்ஸ்டாக் விழுந்து இறந்தார். இயற்கை மரணம் என்று முடித்தார்கள். குடும்பத்துக்கு நட்டஈடு இல்லை. கூட ஆடியவர்கள் சும்மா இருக்கவில்லை. சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பில்லி மெரிடித்தும் தோழர்களும் அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

1909 இல் சங்கத்தை விட்டு விலகு, இல்லையேல் ஆடமுடியாது என்று மேலிடம் மிரட்டியது. பலர் விலகினார்கள். மான்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. 'தள்ளிவைக்கப்பட்டோர்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு நின்றார்கள். வேறு அணியினரும் வந்து சேர்ந்தார்கள். சங்கம் பிழைத்தது. அந்தக் காலத்திலேயே, அடிபட்ட வாக்கர் என்ற ஆட்டக்காரர் கிறிஸ்டல் பேலஸ் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சம்பளத்துக்குப் பந்து உதைப்பவனும் நட்டஈட்டுச் சட்டத்தின்படி தொழிலாளியே என்று ஆங்கில நீதிமன்றம் தீர்த்தது.

நம் நாட்டிலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்குச் சேமலாப நிதியாக அவர் 8 சதவீதமும் நிர்வாகம் 12 சதவீதமும் கட்டவேண்டும். நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மேலும் 3 சதவீதம் கட்டவேண்டும். இவை யாரும் இரக்கப்பட்டுத் தந்தவை அல்ல. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் போகிற தம்பிக்கு இவற்றில் எது இருக்கிறது?

ஆகவே மூன்று காரியம் சொல்கிறேன். இது குருநகருக்கும் தோட்டத்து மைதானங்களுக்கும் சேர்த்துத்தான். கழகம் தருவதாகச் சொல்லும் காசை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதியும் முதலுதவி தெரிந்த ஆளும் வாகனமும் இல்லாமல் சுற்றுப்போட்டி வைக்காதீர்கள். 2021 இல் டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்து பிழைத்தது, உடனே நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றதால்தான். மூன்றாவது, நம்பிக்கை நிதியில் சுயதொழில் செய்பவரும் தாமே பணம் கட்டிச் சேரலாம், விசாரித்துச் சேருங்கள்.

கைதட்டல் ஆட்டம் முடியும் மட்டுந்தான். அதற்குப் பிறகும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சேர்ந்து நில்லுங்கள். எங்கள் சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.