தேடிக் கற்போம், சான்றோடு எழுதுவோம்

(ஜமாஅத் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசு பெற்றோரைப் பாராட்டி மகிழும் இவ்வேளையில், மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஒரு திறனைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். ஒரு பொருளைத் தேடி ஆராய்ந்து, கண்டதைச் சான்றோடு எழுதும் திறனே அது. வினா-விடை நூலை மனனம் செய்து பள்ளிப் படிப்பைக் கடந்துவிடலாம். ஆய்வுப் படிப்பில் அது செல்லாது.

நமக்கு நேர்ந்ததை மறைக்காமல் கூறுகிறோம். கல்லூரி நாளில் ஒரு கட்டுரைக்காக வழிகாட்டி நூலொன்றின் பத்திகளை அப்படியே பெயர்த்தெழுதினோம். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒரே வினாவைத்தான் தொடுத்தார்: "இச்செய்தியை எங்கே கண்டீர்கள்?" விடை கூற இயலாது தலைகுனிந்து நின்றோம். அந்த வினாவே பின்னர் நமக்கு ஆசானாயிற்று.

கற்றறிந்தோரும் இதில் தவறியதுண்டு. பசலைக்கீரையின் இரும்புச்சத்தைக் கணக்கிட்ட முற்கால ஆய்வாளர்கள் தசமப்புள்ளியை இடம் மாற்றி இட்டதால் அளவு பத்து மடங்காகிவிட்டது என்று ஹாம்ப்ளின் என்னும் மருத்துவர் 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். சான்று எதையும் அவர் காட்டவில்லை. ஆயினும் பலரும் அதை எடுத்தாண்டனர். 2010இல் மைக் சட்டன் என்னும் ஆய்வாளர் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அக்கதைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. மூல நூலைப் பாராமலே பிறர் தந்த மேற்கோளை எடுத்தாளும் வழக்கத்தை நார்வே அறிஞர் ரெக்டால் 2014இல் இக்கதையைக் கொண்டே விளக்கினார். பிறர் பிழையைச் சுட்டிக்காட்டப் புகுந்தோரே பிழை செய்தனர் என்பதே இதிலுள்ள பாடம்.

பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுவது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, வாழ்வையே பாதிக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் 40 வரை ஒப்புமை இருப்பின் திருத்தித் தரவேண்டும். 60 வரை எனில் ஓராண்டு தடை. 60க்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். பெற்றோர் கடன்பட்டுப் படிக்கவைத்த ஆண்டுகள் அத்தனையும் வீணாகலாமா?

மாணவச் செல்வங்களே, வழி எளிது. முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். "நமதூர் வணிகம்" என்பது கடல்; "1950 முதல் 1970 வரை நமதூர்க் கடைவீதி" என்பது நீந்தக்கூடிய குளம். அடுத்து, படிக்கும்போதே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும், சொந்தக் கருத்தைத் தனித் தாளிலும் எழுதுங்கள். இரண்டும் கலந்தால் பின்னர் பிரிப்பது அரிது. எழுதியதை ஒரு நாள் ஆறவிட்டு, மறுநாள் உரக்கப் படித்துத் திருத்துங்கள்.

சென்னையில் கன்னிமாரா நூலகமும், எழும்பூர் ஆவணக் காப்பகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை 'சோத்கங்கா' இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகள் இன்று வந்துவிட்டன. அவை இல்லாத நூலையும் இருப்பதுபோல் காட்டுவதுண்டு. ஆகவே அங்கும் "எங்கே கண்டாய்?" என்றே கேளுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவித்தொகையோடு, மாணவரின் கட்டுரையைப் படித்துத் திருத்தித் தர நம்மிலுள்ள ஆசிரியர் இருவரையேனும் நியமியுங்கள். பழைய வக்ஃபு பத்திரங்கள், கணக்கேடுகள், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் வீட்டுப் பரண்களில் கரையான் அரிக்கக் கிடப்பின், அவற்றைப் பாதுகாத்து மாணவர் பார்வைக்கு வையுங்கள். இந்த ஆண்டறிக்கையும் நாளை ஓர் ஆய்வாளருக்கு மூல ஆவணமே. "எங்கே கண்டாய்?" என அன்று எவரேனும் வினவினால், நமது மாணவர் இதன் பக்க எண்ணைச் சுட்டி நிமிர்ந்து விடையளிக்கட்டும்.