வென்ற பின்னும் பசி
(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அமெரிக்கக் குத்துச்சண்டைப் படம். சங்க மேடைக்கு இது தகுமா என்று பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். சண்டையின் பெருமை பேச நான் வரவில்லை. ஏழையாய்ப் பிறந்து, பாடுபட்டு, முடிவில் வெற்றி கண்டவர்களின் கதைகளை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகின்றோம். பாடப் புத்தகங்களிலும் பரிசளிப்பு விழா உரைகளிலும் அவை குறைவின்றி வருகின்றன. ஆனால், வெற்றி கண்ட மறுநாள் அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்பவர் மிகச் சிலர். அதைச் சொல்லத் துணிந்த கதை, 1982ஆம் ஆண்டில் வெளிவந்த 'றொக்கி' வரிசையின் மூன்றாவது படம். ஆகையால்தான் அதனை உங்கள் முன் எடுத்து வந்தேன்.

முதலில் அந்த வரிசை பிறந்த விதத்தைச் சிறிது சொல்ல வேண்டும். 1975ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி, உலக சம்பியனாகிய முகம்மது அலியை எதிர்த்துச் சக் வெப்னர் என்பவர் ஒஹாயோ மாநிலத்தில் மேடையேறினார். அவர் வெல்வார் என எவரும் நம்பவில்லை. அவரோ ஒன்பதாம் சுற்றில் அலி கீழே விழுந்ததாக மத்தியஸ்தர் எண்ணும்படி செய்து, பதினைந்தாம் சுற்று முடிய 19 விநாடிகளே இருந்த வேளையிலேதான் தோற்றார். அச்சண்டையைப் பார்த்தவர்களுள் சில்வெஸ்ரர் ஸ்ரலோன் என்னும் பெயர் பெறாத நடிகர் ஒருவரும் இருந்தார். அவருக்கு அப்போது வயது 28. கையிலே பணமில்லை. சில நாட்களுக்குள் ஒரு கதையை எழுதி முடித்தார். கதைக்குப் பெருந்தொகை தர வந்தவர்கள், பேர்பெற்ற நடிகர் ஒருவரே நாயகனாக வேண்டும் என்றார்கள். தாம் நடிப்பதானால் மட்டுமே கதையைத் தருவதாக அவர் பிடிவாதமாக நின்றார். 1976இல் வெளிவந்த அந்தப் படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றது.

முதற் படத்தில் றொக்கி வெல்லவில்லை. பிலடெல்பியா நகரத்து ஏழைத் தெருவொன்றில் வாழும் அவன், அப்பலோ கிறீட் என்னும் சம்பியனுக்கு எதிரே பதினைந்து சுற்றும் நின்று காட்டுகின்றான், அவ்வளவே. 1979இல் வந்த இரண்டாம் படத்திலேதான் அவன் பட்டத்தை வெல்கின்றான். சாதாரணக் கதையானால் அங்கே 'சுபம்' என்று போட்டு முடித்திருப்பார்கள்.

மூன்றாம் படம் அந்தச் சுபத்துக்கு மறுநாள் தொடங்குகின்றது. றொக்கி இப்போது செல்வன். நல்ல உடை, பெரிய வீடு, விளம்பரப் படங்கள், பத்திரிகை அட்டைகள். பத்துத் தடவை பட்டத்தைக் காத்தும் விட்டான். பிலடெல்பியா நூதனசாலையின் படிகளுக்கு மேலே அவனுக்கு வெண்கலச் சிலையும் திறக்கப்படுகின்றது. ஒரு காலத்தில் விடியற்காலை இருளில் அவன் தனியே ஓடி ஏறிய அதே படிகள். இப்போது அவன் அங்கே ஓடுவதற்கு வரவில்லை. கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து, இனிச் சண்டையிலிருந்து ஓய்வு பெறப் போவதாக அறிவிக்க வருகின்றான்.

கூட்டத்துக்குள்ளிருந்து கிளபர் லாங் என்பவன் எழுந்து சவால் விடுகின்றான். றொக்கி பரிசு வாங்கிய நாட்களிலெல்லாம் இவன் இருண்ட அறையொன்றில், துணையின்றி, கூலிக்குப் பயிற்சியாளர் எவரும் இன்றி உடலை வருத்திக்கொண்டிருந்தவன். அவனுடைய சொற்கள் முரட்டுச் சொற்கள்; பண்பற்றவை. ஆயினும் அவற்றுள் ஓர் உண்மை இருந்தது. றொக்கி தகுந்த எதிரிகளோடு மோதவில்லை என்றான் அவன்.

இந்த இடத்திலேதான், சபையோரே, நான் உங்களை நிறுத்த விரும்புகின்றேன். கோபங்கொண்டு வீடு திரும்பிய றொக்கியிடம் அவனுடைய முதிய பயிற்சியாளர் மிக்கி உண்மையைச் சொல்கின்றார். பத்து எதிரிகளையும் தாமே பார்த்துப் பொறுக்கியதாக ஒப்புக்கொள்கின்றார். அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆனால், உயிரைப் பறிக்கும் வெறியுடையவர்களும் அல்லர். அப்பலோவிடம் வாங்கிய அடிகளுக்குப் பின் இவன் உடம்புக்கு மேலும் கேடு வரலாகாது என்று அந்தக் கிழவர் எண்ணினார். தந்தையைப் போல நேசித்ததனால் அப்படிச் செய்தார்.

வெற்றி பெற்றவன் சோம்பலால் வீழ்கின்றான் என்றே நாம் வழக்கமாகச் சொல்வோம். இந்தப் படம் அதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்கின்றது. றொக்கி சோம்பேறி அல்லன். அவனை நேசித்தவர்கள் அவனுக்கு நோகாத வழியை அமைத்துக் கொடுத்தார்கள். அவனும் அதை அறியாமல், வென்றுகொண்டிருக்கின்றோம் என்று நம்பினான். பசி அவனை விட்டுப் போனது அந்த வழியாகத்தான். தோல்வி வரக்கூடிய இடத்துக்குப் போகாதவனுக்குத் தான் எவ்வளவு தளர்ந்துவிட்டான் என்பது எப்படித் தெரியும்?

விளைவு யாது? கிளபர் லாங்குடன் நடந்த சண்டையில் இரண்டாம் சுற்றிலேயே அவன் வீழ்கின்றான். அன்றிரவே மிக்கியும் இறந்துபோகின்றார்.

பிறகு அவனைத் தூக்கி நிறுத்த வருபவன் யார்? பழைய எதிரியாகிய அப்பலோ கிறீட். அவன் றொக்கியை லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தான் முதன்முதல் பழகிய ஏழ்மையான பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் செல்கின்றான். றொக்கி இழந்தது புலியின் கண் என்கின்றான். அப்பெயர் கொண்ட பாட்டு உலகெங்கும் பரவி, வெற்றி விழாக்களில் இன்றும் ஒலிக்கின்றது. ஆனால், படத்திலே அது வென்றவன் இழந்துவிட்ட பொருளின் பெயர் என்பதை அப்பாட்டைக் கேட்டு ஆடுபவர்கள் பலரும் மறந்துவிட்டார்கள்.

பழைய கூடத்துக்குப் போனதும் பழைய பசி திரும்பி விட்டதா? இல்லை. கால்கள் ஓடுகின்றன, மனம் ஓடவில்லை. கடற்கரையில் மனைவி ஏட்றியன் அவனை விடாது கேட்கிறாள். முடிவில், தனக்குப் பயம் என்கின்றான் அந்தச் சம்பியன். முன்பு இழப்பதற்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கின்றது. இறந்தவருக்காகவோ, பட்டத்துக்காகவோ, பணத்துக்காகவோ, தனக்காகவோ சண்டையிட வேண்டாம் என்கின்றாள் ஏட்றியன். அவன் தன்பொருட்டு அதைச் செய்ய விரும்பினாற் செய்யட்டும், தோற்றால் தோற்கட்டும், சாக்குப்போக்கு இல்லாமல் தோற்கட்டும் என்பது அவள் கருத்து. அதன் பின்னரே அவன் உண்மையாக ஓடத் தொடங்குகின்றான். மறுசண்டையில் மூன்றாம் சுற்றில் வெல்கின்றான்.

ஆகவே பசி இருவகைப்படும் என்று நான் கொள்கின்றேன். முதலாவது இல்லாமையால் வருவது. அது தானாக வரும். கைநிறைந்ததும் தானாகப் போய்விடும். இரண்டாவது, வயிறு நிறைந்த பின்னும் மனிதன் தானே தேர்ந்துகொள்வது. அதைக் காக்க உறுதி மட்டும் போதாது. தோல்வி வரக்கூடிய இடமும், உண்மை சொல்லும் மனிதரும் வேண்டும்.

இது வெறுங்கதை என்பீர்களாயின் வரலாற்றைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி தோக்கியோவில், அதுவரை தோல்வியே காணாத மைக் ரைசனை பஸ்ரர் டக்ளஸ் என்பவர் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். அவருக்கு எதிராகப் பந்தயக்காரர் ஒன்றுக்கு 42 என்று விலை கூறியிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னரே தாயை இழந்த துயரத்தோடு அவர் மேடையேறினார். அன்று அவருடைய நிறை ஏறக்குறைய 231 இறாத்தல். அதே ஆண்டு ஒக்ரோபர் 25ஆந் திகதி பெருந்தொகைக்கு ஒப்பந்தமாகி இவாண்டர் ஹொலிபீல்டை எதிர்க்க வந்தபோது நிறை 246 இறாத்தல். மூன்றாம் சுற்றில் விழுந்தார், பட்டம் போயிற்று. வென்றதற்கும் இழந்ததற்கும் இடையே ஒன்பது மாதங்கூட இல்லை.

இதற்கு எதிர்மாறாக மார்வின் ஹக்லரைப் பாருங்கள். 1980இல் இலண்டனில் நடுத்தர நிறைப் பட்டத்தை வென்ற அவர், பன்னிரண்டு தடவை அதைக் காத்தார். பணம் வந்தது; புகழ் வந்தது. ஆயினும் பயிற்சிக் காலம் வந்தால், விருந்தினர் எவரும் வராத குளிர் மாதங்களில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கடலோரச் சிற்றூராகிய புறொவின்ஸ்ரவுனுக்குப் போய்விடுவார். அங்கே வெறிச்சோடிய தெருக்களிலும் மணலிலும் ஓடுவார். அந்த இடத்தைச் சிறை என்றே அவர் அழைத்ததாகச் சொல்வர். வசதி பெற்ற மனிதர் ஆண்டுதோறும் தம் வசதியை விட்டுத் தாமே புறப்பட்டுச் சென்றார். 1987இல் லெனாட் என்பவரிடம் புள்ளிகளால் மட்டுமே, அதுவும் நடுவர்கள் தமக்குள் மாறுபட்ட தீர்ப்பினால், பட்டத்தை இழந்தார். நான் இரண்டாவது பசி என்று சொன்னது இதையே.

இங்கே பெரியோர் ஒரு கேள்வி கேட்பது நியாயம். "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்கிறார்களே; நீயோ பசியோடு இரு என்கிறாயே!" என்பார்கள். பெற்ற பொருளில் போதுமென்ற மனம் வேண்டும். செய்யும் முயற்சியில் அது வேண்டாம் என்பதே என் பணிவான விடை. பொருளில் பசி பேராசை. முயற்சியில் பசி கடமை. வள்ளுவரும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, மிகுந்த மகிழ்ச்சியினால் வரும் மறதி மிகுந்த கோபத்திலும் தீயது என்ற கருத்தோடு அதனைத் தொடங்குகின்றார். இடித்துச் சொல்லும் துணையில்லாதவன் பகைவர் இன்றியே கெடுவான் என்பதும் அவர் கருத்தே. மிக்கி றொக்கியை இடித்துச் சொல்ல வேண்டிய மூன்று ஆண்டுகளில் சொல்லவில்லை. பிறகு சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

படத்தில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. முதற் படத்தில் இருந்த ஏழைத் தெருவின் உயிர்ப்பு மூன்றாவதில் இல்லை. எதிரியாகிய கிளபர் லாங்கின் வாழ்க்கையைப் படம் நமக்குக் காட்டவே இல்லை. அவனுக்கும் ஒரு பசி இருந்ததே, அது எங்கிருந்து வந்தது? பசியைப் பற்றிப் பேசிய படவரிசைக்கே பின்னர் பசி குன்றியது என்பேன். 1985இலும் 1990இலும் வந்த படங்கள் பழைய வெற்றியின் எதிரொலியாகவே எனக்குத் தோன்றுகின்றன.

ஆயினும் அதற்கும் ஒரு பின்கதை உண்டு. றயன் கூக்ளர் என்னும் இளைஞர், முப்பது வயது நிரம்பாதவர், அப்பலோவின் மகனைப் பற்றிய கதையோடு ஸ்ரலோனிடம் வந்தார். ஸ்ரலோன் தாம் எழுதாத, தாம் நெறிப்படுத்தாத படத்தில், நோயுற்ற முதிய றொக்கியாக, பிறனொருவனுக்குப் பயிற்சியாளராக நடித்தார். 2015இல் வந்த 'கிறீட்' என்ற அந்தப் படத்துக்காக, முதற் படம் வந்து 39 ஆண்டுகளுக்குப் பின், அதே பாத்திரத்துக்கு மீண்டும் ஒஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டார். இளையவன் கையில் தம் கதையை ஒப்படைத்து, அவன் சொற்படி நடிக்க இசைந்தார். அதுவும் தோல்வி வரக்கூடிய ஓர் இடத்துக்குப் போவதேயன்றோ?

வாலிப நண்பர்களே, நாமும் பரீட்சையிற் சித்தியெய்துகின்றோம், பல்கலைக்கழகம் புகுகின்றோம், பந்தயங்களில் கிண்ணம் பெறுகின்றோம். மாலை விழுந்த பிறகு நம்மிலும் வல்லவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போகின்றோமா, அல்லது நம்மை மட்டுமே முதல்வராக வைக்கும் சிறிய வட்டத்துக்குள் இருந்துவிடுகின்றோமா? இக்கேள்வியை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள்மேல் வைத்த அன்பினால் எங்களுக்கு எளிய எதிரிகளைத் தேடித் தராதீர்கள். எங்கள் கட்டுரை சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லுங்கள். எங்கள் பேச்சு வெறும் சத்தம் என்றால் அதையும் சொல்லுங்கள். கைதட்டலை வேறெங்கும் பெற்றுக்கொள்வோம். இடித்துரை உங்களிடமிருந்துதான் வரவேண்டும். இன்றைய என் உரையிலேயே அதைத் தொடங்கினால் நன்றியுடையேன்.