நால்வர் இசையும் நயினாப் பிள்ளையும்



காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் முறைக்குக் கோர்வை என்று பெயர். தறியில் நெசவாளர் ஒருவர். மறுகரையின் நாடாவை வீச உதவியாளர் ஒருவர். ஒருவர் கை பிந்தினாலும் பிணைப்புப் பிசகும். கச்சேரியில் தாளக் கணக்கைத் தொகுத்து முடிக்கும் பகுதியும் கோர்வையே. பலர் கூடி ஒன்றைச் செய்வதன் இலக்கணம் அச்சொல்லில் அடங்கியுள்ளது.

அதனை மேடையில் நிலைநாட்டியவர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934). புகழ்பெற்ற தனகோடி அம்மாளின் சகோதரி மகனாகிய அவர், லய நுட்பத்தில் தலைசிறந்து விளங்கினார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் நிறைந்த அவருடைய கச்சேரியை, நீதிமன்ற வழக்கைக் கடன் வாங்கி, 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றனர் மக்கள். கஞ்சிராவில் ஈடிணையற்ற புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அம்மேடையில் அமர்ந்தவர். பாடகரும் தாளமறிந்தோரும் ஒருவரையொருவர் உரசிப் பார்க்கும் களமாக அது திகழ்ந்தது.

கருவிகள் உரையாடும் இத்தகைய இசைக்கு மேலைநாட்டில் ஓர் உறவு உண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் சேர்ந்த நால்வர் தந்தியிசையே அது. வியன்னாவின் ஷூபர்ட் 1824இல், நோயுற்றிருந்த காலத்தில், 'மரணமும் கன்னியும்' எனப் பின்னர் பெயர் பெற்ற நால்வரிசையை இயற்றினார். 1817இல் தாம் எழுதிய பாடலொன்றின் இசையை அதன் இரண்டாம் பகுதியில் எடுத்து, பல வேறுபாடுகளாக விரித்தார். ஓரிடத்தில் முதல் வயலின் அணி செய்கிறது. அடுத்து செல்லோ கருப்பொருளைத் தானே ஏற்றுப் பாடுகிறது. நான்கு பகுதிகளும் துயரச் சாயலுள்ள மைனர் சுருதியிலேயே அமைந்துள்ளன. யார் எப்போது பேசுவது, யார் ஒதுங்குவது என்பதெல்லாம் ஏட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. 1828இல் ஷூபர்ட் மறைந்தார். அந்த ஏடு 1831இல் அச்சேறியது.

வயலின் இருவருக்கும் பொது. ஷூபர்ட்டின் காலத்தவரும் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியுமான பாலுசுவாமி தீட்சிதர் அதனை நம் இசைக்குப் பழக்கினார். வேறுபாடு ஏட்டில்தான். நால்வரிசையில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய இடத்தை இயற்றியவரே அளித்துவிடுகிறார். ஃபுல் பெஞ்சில் அவ்விடத்தை ஒவ்வொருவரும் அன்றைய மாலையில், அந்த மேடையில், பிறர் வாசிப்பதைக் கேட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும். கேளாதவர் வாசித்தால் அது இரைச்சல். கேட்டு வாசித்தால் கோர்வை.

ஆகவே இழப்பும் வேறாயிற்று. ஷூபர்ட்டின் உரையாடலை இன்றும் எந்த நால்வரும் ஏட்டைத் திறந்து மீட்கலாம். நயினாப் பிள்ளையோ இசைத்தட்டில் தம் குரலைப் பதியாமலே சென்றார். அவரது வழி சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடமும், பிருந்தா, முக்தா சகோதரிகளிடமும் பாடமாய்த் தங்கியது. பாடல்கள் வந்து சேர்ந்தன. அந்த மேடையின் உரையாடல் வந்து சேரவில்லை.

கேட்டவர் சொல்லக் கேட்டவர்களின் நினைவே அதற்கு எஞ்சிய ஏடு. அதனை எழுதி வைப்பது இசைவாணரின் கடமை மட்டுமன்று. இவ்வூரில் எழுதுகோல் ஏந்தும் அனைவரின் கடமையுமாகும்.