துருவேறிய தூண்டில் ரீல்

திம்புள்ளப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பெட்டியில் மடித்து வைத்த துணியும் பூசணம் பூக்கும். மூலையில் கழற்றி வைத்த தோற்செருப்பு ஒரு கிழமைக்குள் பச்சை படர்ந்துவிடும். அத்தகைய ஈரத்தில், கன்வஸ் பையொன்றுக்குள் ஐம்பது ஆண்டுகள் கிடந்த தூண்டில் ரீல் என்ன கதியை அடைந்திருக்கும் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்க்கும் ஒருவரிடம் அப்படியொரு ரீல் இருப்பதாகக் கொள்வோம். அவருடைய தந்தையார் பங்களாவில் வேலை செய்தவர். 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அக்காலத்தில் சீமைக்குப் புறப்பட்ட துரையொருவர் விட்டுச் சென்ற பொருள்களுள் இந்த ரீலும் ஒன்று. தந்தையார் அதைக்கொண்டு ஒரு மீனேனும் பிடித்தவரல்லர். துரையின் மீன்கூடையைச் சுமந்துகொண்டு கரையில் நின்றவர். ஆயினும் அப்பொருளை அவர் விற்கவில்லை, எறியவுமில்லை. அவர் காலமான பின் மகன் பையை அவிழ்க்கிறார். பேரனோ, தலவாக்கலை நீர்த்தேக்கத்தில் இதை எறிந்து பார்க்கவேண்டும் என்கிறான். ஆனால் ரீலின் கைப்பிடி அசைய மறுக்கிறது.

இத்தகைய பொருள்கள் மலைநாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1880களில் ஆங்கிலேயர் தம் நாட்டு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொணர்ந்து நுவரெலியாக் குளிர்நீரில் பொரிப்பித்தனர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் நுவரெலியாவில் நிறுவப்பெற்றது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட் என்னும் இனம் நிலைபெற்றது. அவ்வோடைகளில் அவர்கள் பெரிதும் போற்றியது, இறகினால் ஈயைப்போலக் கட்டிய தூண்டிலையே. அதற்கு வேண்டிய ரீல் வெறும் நூலுருளையன்றி வேறில்லை. கூடை சுமந்தவருக்கும் தூண்டில் பிடித்தவருக்கும் இடையேயிருந்த தூரம் ஓடையின் அகலத்தினும் பெரிதாயிருந்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நம் ஃபிட்டரின் கையிலுள்ளது வேறு வகை. அதில் நூலுருளை சுழல்வதில்லை. கைப்பிடியைச் சுற்றும்போது, வளைந்த கம்பியொன்று உருளையைச் சுற்றிவந்து நூலைச் சுற்றுகின்றது. எறியும்போது கம்பியை விலக்கிவிட்டால் நூல் உருளையின் முனைவழியே தானாகக் கழன்று ஓடுகின்றது. 1905ஆம் ஆண்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்ற இல்லிங்வர்த் என்பவர், கம்பளி நெசவுக்குப் பேர்பெற்ற பிராட்போர்ட் நகரத்தவர். ஆலையில் நூற்கதிரின் முனைவழியே இழை கழன்று வருவதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று என்பர். ராட்டையில் கதிரைக் கண்ட நம்மவர்க்கு இது வியப்பாகாது. பின்னர் 1932இல் இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனத்தார் ஆல்டெக்ஸ் என்னும் ரீலை வெளியிட்டனர். பிரான்ஸில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர்போன குளூஸ் என்னும் ஊரிலிருந்து மிச்சல் ரீல் வந்தது. கடிகாரம் செய்த ஊரில் தூண்டில் ரீல் செய்ததிலும் பொருத்தமுண்டு. இரண்டிலும் பற்சில்லுகளின் நேர்மையே உயிர்.

அகன்ற நீர்நிலைக்கே இந்த ரீல் ஏற்றது. திம்புள்ளக்காரர்க்கு அத்தகைய நீர் பிற்காலத்தில்தான் அருகில் வந்தது. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மவுசாகலை 1969இலும், தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012இலும் அமைந்தன.

இனி ரீலைத் திறப்போம். திறப்பதற்கு முன் ஒன்றை அறியவேண்டும். ரீலின் உடல் அலுமினியக் கலவை, திருகாணிகள் உருக்கு, உட்சில்லுகளிற் சில பித்தளை. வேறுவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, நடுவே ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகின்றது. அதில் தன்னைக் கரைத்துக்கொடுப்பது அலுமினியமே. கரைந்தது வெள்ளைப் பொடியாகித் திருகாணியின் மரைகளுக்குள் பருத்துக் கவ்விக்கொள்கின்றது. உருக்கில் செந்துரு. பித்தளையில் பச்சைக் களிம்பு. செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாக்கினார்கள். புறத்தேயிருந்து வந்து ஒட்டாமல் உடன்தோன்றி நிற்பது என்பது அவர்கள் கருத்து. ரீலின் களிம்பு அவ்வளவு பிடிவாதமானதன்று. புளிக்கு இணங்கிவிடும்.

அவசரக்காரர் முதலில் செய்யும் பிழை, திருகாணியை முரட்டுத்தனமாகத் திருகுவது. தலை உடைந்துவிட்டால் பிறகு துளைத்துத்தான் எடுக்கவேண்டும். அந்தப் பழைய மரைக்கு ஏற்ற ஆணி எளிதில் கிடைக்காது. தொழில் தெரிந்தவர், திருப்புளியின் நுனியை அராவி ஆணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தச் செய்வார். மரையோரம் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் சும்மா இருப்பார். இந்தச் சும்மா இருத்தல்தான் வேலையின் பெரும்பகுதி. அப்படியும் இளகாவிடின், எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுத்துவிட்டுச் சுடுநீரில் ரீலை வைப்பார். வெப்பத்தில் அலுமினியம் உருக்கைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஆகவே துளை தளர, ஆணி இளகும். மண்ணெண்ணெய் பட்ட பொருளை அடுப்பருகே கொண்டுசெல்லலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆயினும் சொல்லிவைப்போம். தொழிற்சாலையின் உலர்த்தியருகே வைத்துக் காயவிடும் எண்ணமும் வேண்டாம். தேயிலை அயல் மணத்தை விரைவில் பற்றிக்கொள்ளும். ஒரு ரீலுக்காக ஒருநாள் தேயிலையைக் கெடுத்த பெயர் ஃபிட்டருக்கு வேண்டியதன்று.

மூடி திறந்தால் உள்ளே கிறீஸ் மெழுகைப்போல இறுகிக் கிடக்கும். கைப்பிடி அசையாமைக்குப் பாதிக் காரணம் துருவன்று, இந்தப் பழைய கிறீஸே. கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய ஒழுங்கிலேயே வெள்ளைத் துணியில் வரிசையாக வைக்கவேண்டும். பின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு கொக்கியும் அதன் சுருள்வில்லும் துள்ளியோட வல்லவை. ஆதலின் பேரனின் கூரிய கண்கள் அவ்வேளையில் பயன்படும். பித்தளைச் சில்லுகளைப் புளிநீரால் துலக்கிச் சில நிமிடத்தில் கழுவி உலர்த்தலாம். நெடுநேரம் ஊறவிட்டால் நாகம் கரைந்து, செம்பு சிவப்பாகத் தோன்றத் தொடங்கும். அலுமினியத்தின்மேல் காஸ்டிக் சோடாவோ சலவைச் சோடாவோ படவே கூடாது. துருவை விட்டுவிட்டு உலோகத்தையே அவை உண்டுவிடும். தடித்த தூரிகையும் மண்ணெண்ணெயும் பொறுமையுமே அதற்குப் போதும்.

உருக்கு உறுப்புகளுக்குத் தோட்டத்திலேயே மருந்துண்டு. கவ்வாத்துக் கத்தி கொழுந்துச் சாறு பட்டுக் கறுப்பதைத் தோட்டத்தார் யாவரும் கண்டிருப்பர். தேயிலையிலுள்ள தனின் இரும்போடு கூடிக் கருநீலப் படலமாகப் படிகின்றது. பழம்பொருட் காப்பாளர் இரும்புப் பொருள்களுக்குத் தனிக் அமிலம் பூசுவதும் இக்காரணத்தாலேயே. உதிரும் துருவைத் தேய்த்தகற்றி, கடுஞ்சாயமாகக் காய்ச்சிய தேநீரில் ஒருநாள் ஊறவைத்தால் எஞ்சிய துரு கறுத்து அடங்கும். பிறகு உலர்த்தி எண்ணெய் தடவவேண்டும். காப்பாளர் பூசும் அமிலத்தின் வலிமை தேநீருக்கு இல்லை. ஒன்றோடொன்று உரசும் பற்களுக்கும் இது தகாது. வெளியே நிற்கும் கம்பிக்கும் ஆணித்தலைக்கும் போதுமானது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் கைக்கெட்டுவது தேங்காயெண்ணெய். மலைநாட்டுக் காலைக் குளிரில் அது போத்தலிலேயே உறைந்துவிடுவதை எல்லோரும் அறிவர். சில்லுகளிடையிலும் அது உறையும், நாளடைவில் பிசினாகவும் மாறும். தையல் இயந்திர எண்ணெய் அச்சுகளுக்கும், நல்ல கிறீஸ் சிறிதளவு பற்களுக்கும் ஏற்றவை.

இவ்வளவும் கைத்தொழில். கடினமான கேள்வி இதன் பின்னரே எழுகின்றது. அலுமினிய உடலில் அரிப்பு விழுந்த குழிகள் மறையா. இழந்த உலோகம் திரும்பாது. பேரனோ, மணற்கடதாசியால் தேய்த்து மினுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறான். தேய்த்தால் குழியோடு செய்தவர் பொறித்த எழுத்தும் போகும். கைப்பிடிக் குமிழில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கின்றது. அது துரையின் பெருவிரல் தேய்த்த தேய்வு. பைக்கயிற்றில் இருக்கும் முடிச்சோ தந்தையார் போட்டது. கயிறு இற்றுப்போயிற்று, புதுக் கயிறு கோக்கலாம். ஃபிட்டர் சிறிது நேரம் யோசிக்கிறார். இயந்திரத்தை ஓடச் செய்வது அவர் தொழில். பழையதை எறிந்து புதியது பூட்டுவது அவர் பழக்கம். இருந்தும் உடலைத் தேய்க்க அவர் சம்மதிக்கவில்லை. முறிந்த சுருள்வில்லுக்குப் பதிலாக உருக்குக் கம்பியில் வேறொன்று வளைத்துப் போடுகிறார். பழைய வில்லை ஒரு தீப்பெட்டியில் இட்டு, முடிச்சோடு வெட்டியெடுத்த கயிற்றுத் துண்டையும் அதனுடன் வைக்கிறார். பெயின்ட் கிடைக்காத கோபத்தில் பையன் இரண்டு நாள் பேசவில்லை.

தை மாதத்து வெயிலில், மூடியைப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றியதும் தடுப்புக் கொக்கி மெல்லெனக் கிளுக்கிற்று. இனி நூல் நிரப்பவேண்டியதே பாக்கி. நைலோன் நூலை உருளையின் விளிம்பு மட்டத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிறுத்திக்கொள்ளவேண்டும். விளிம்பு வழியச் சுற்றினால், முதல் வீச்சிலேயே வளையம் வளையமாகக் கழன்று சிக்கிவிடும்.