வாக்காளர்க்கு முன்னே ஒரு தேர்தல்

(கோவையில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



‘வேட்பாளர்’ என்னும் சொல்லை வழங்காதார் இல்லை. அதன் பொருளை எண்ணிப் பார்ப்பார் சிலரே. வேள் என்பது விரும்பற் கருத்து வேர். வேட்கை, வேட்டல், வேட்பு என்பன அதன் வழிப் பிறந்தவை. மக்கட்குத் தொண்டாற்ற விரும்பித் தம்மைத் தாமே முன்னிறுத்திக் கொள்பவரே வேட்பாளர். தேர்தல் என்பதோ ஆராய்ந்து தெளிதல். ஒருவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமுன் அவனை ஆராய வேண்டும் என்பதற்காகவே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஈரதிகாரங்களை, இருபது குறள்களை ஒதுக்கினார் திருவள்ளுவர்.

இன்று அந்த வேட்பு யாருடையது? அந்தத் தேர்தல் யாருடையது? வாக்குச்சாவடியில் பொறியின் பொத்தானை அழுத்துபவன் தானே தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறான். ஆனால், அவன் வரிசையில் வந்து நிற்பதற்கு ஒரு திங்கள் முன்னரே, பூட்டிய அறையொன்றில் ஒரு தேர்தல் நடந்து முடிந்துவிடுகிறது. அத் தேர்தலில் அவனுக்கு வாக்கில்லை. அவன் கொடி பிடித்த கட்சியின் கிளைச் செயலாளனுக்கும் வாக்கில்லை. முதல் தேர்தலில் உரிமை இழந்தவன் இரண்டாம் தேர்தலில் பெறுவது, பிறர் பொறுக்கி வைத்த நால்வரில் ஒருவரைச் சுட்டும் உரிமை மட்டுமே.

இது எவ்வாறு இயல்கிறது? 1968ஆம் ஆண்டுத் தேர்தல் சின்னங்கள் ஆணைப்படி, ஒருவர் ஒரு கட்சியின் வேட்பாளராக ஏற்கப்படுவதற்கு ‘ஏ’, ‘பி’ என்னும் இரு படிவங்கள் வேண்டும். கட்சியின் சார்பில் கையொப்பமிடத் தக்கவர் இன்னார் என்பதைக் கூறுவது ஒன்று. இன்னாரே எம் வேட்பாளர் என்பதைக் கூறுவது மற்றொன்று. அக் கையொப்பம் இருந்தால் சின்னம் உண்டு. இல்லையெனில் நாற்பதாண்டுத் தொண்டனும் தனியாளே. அந்தக் கையொப்பத்தை இடுமுன் யாரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கூறவில்லை. 1985ஆம் ஆண்டில் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டம் இவ் ஆற்றலை இரட்டிப்பாக்கிற்று. அவைக்குச் சென்றபின் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களித்தால் உறுப்பினர் பதவி பறிபோகும். உள்ளே நுழைவதற்கும் அவர் அருள் வேண்டும். உள்ளே இருப்பதற்கும் அவர் அருள் வேண்டும்!

காற்று ஒரு பக்கமாக அடிக்கும் தேர்தல்களில் இதன் முழுவடிவும் வெளிப்படுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணியே வென்றது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணியே வென்றது. இத்தகைய நிலையில் வேட்பாளரைப் பொறுக்கியவர் எவரோ, அவரே உறுப்பினரையும் தேர்ந்தெடுத்தவர் ஆகிறார். மக்கள் செய்தது அத் தேர்வுக்கு முத்திரை இட்டமையே.

பெருமக்களே! கொங்கு மண்ணுக்கு இச் சிக்கல் புதிதன்று. மூன்று நிகழ்ச்சிகளை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, 1954ஆம் ஆண்டு நிகழ்ச்சி. குலக்கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சர் பதவியினின்று விலகினார். அடுத்த தலைவர் யார் என்னும் வினா எழுந்தது. ஒருபால் காமராசர், மறுபால் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். காங்கிரசுச் சட்டமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. காமராசர்க்கு 93, சுப்பிரமணியத்திற்கு 41. வென்றவர் தோற்றவரை ஒதுக்கினாரா? இல்லை. தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பத்தவச்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். காங்கிரசின் கொள்கைகளை ஏற்காதாரும் இதனை ஒப்புக்கொள்வர்: போட்டி நடந்தது, எண்ணிக்கை வெளியே தெரிந்தது, தோற்றவர் துரோகி எனத் தூற்றப்படவில்லை. உள்கட்சிப் போட்டி என்பது கட்சிப் பிளவு அன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இரண்டாவது, 1996ஆம் ஆண்டு நிகழ்ச்சி. தம் குறைகளை எந்தக் கட்சியும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று மனம் வெதும்பிய உழவர்கள், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் கூட்டங் கூட்டமாக வேட்புமனு கொடுத்தனர். அத் தொகுதியில் போட்டியிட்டவர் தொகை 1,033! வாக்குச்சீட்டு, சீட்டாக இராமல் புத்தகமாகவே அச்சிடப்பட வேண்டியதாயிற்று. தேர்தலையே ஒரு திங்கள் தள்ளிவைக்க நேர்ந்தது. இறுதியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி செகதீசன் வென்றார். கட்சிக் கதவம் அடைத்திருந்தமையால் உழவர் மதிலேறிக் குதித்தனர் என்பதே அந் நிகழ்ச்சியின் பொருள். ஆள்வோர் செய்தது என்ன? கதவைத் திறந்தனரா? இல்லை, மதிலை உயர்த்தினர்! அவ் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு 250 உருவாவாக இருந்த வைப்புத்தொகை 5,000 ஆயிற்று. ஏற்புப் பெற்ற கட்சியின் வேட்பாளர்க்கு முன்மொழிவோர் ஒருவர் போதும். மற்றவர்க்கோ பதின்மர் வேண்டும் என்றாயிற்று. ஆயிரவர் நிற்பதைத் தடுத்தது ஒருவகையில் தேவையாக இருக்கலாம். ஆனால், ஆயிரவர் ஏன் நின்றனர் என்னும் வினாவிற்கு விடை தரப்படவே இல்லை.

மூன்றாவது, 2023ஆம் ஆண்டு ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். பெரியார் பிறந்த ஊரில் நடந்த இத் தேர்தலை ஒவ்வொருவரும் ஊன்றி நோக்க வேண்டும். அ.தி.மு.க.வில் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்றிருந்த இரட்டைத் தலைமை 2022இல் உடைந்தது. அவ் ஆண்டு சூலை 11இல் கூடிய பொதுக்குழு எடப்பாடி பழனிச்சாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தைக் கட்சியினின்று நீக்கிற்று. வழக்கு உச்ச நயன்மன்றம் வரை சென்று நிலுவையில் இருந்தபோதே இடைத்தேர்தல் வந்தது. இருவரும் தனித்தனி வேட்பாளரை அறிவித்தனர். இரட்டை இலை யாருக்கு என்பதே பெருஞ் சிக்கலாயிற்று. 2023 பிப்பிரவரி 3இல் உச்ச நயன்மன்றம், பன்னீர்செல்வம் தரப்பாரையும் சேர்த்துப் பொதுக்குழு உறுப்பினர்களைக் கேட்டு வேட்பாளரை முடிவு செய்க என்று இடைக்கால ஆணை இட்டது.

எண்ணிப் பாருங்கள்! ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தன் உறுப்பினரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதற்குத் தில்லியில் ஒரு நயன்மன்றம் வேண்டியிருந்தது! அதன் பின்னும் நடந்தது என்ன? அவரவர் வீடு தேடிப் படிவம் சென்றது. தென்னரசுக்கு ஆதரவாக 2,501 பேர் ஒப்பமிட்டனர்; எதிராக ஒருவர்கூட இல்லை. படிவத்தில் ஒரே பெயர்தான் இருந்தது என்று குறைகூறிய பன்னீர்செல்வம் தரப்பார், வாக்கெடுப்பில் பங்கேற்காது தம் வேட்பாளரையும் விலக்கிக் கொண்டனர். 1954இல் 93க்கு 41. 2023இல் 2,501க்குச் சுழி. எழுபதாண்டில் கட்சிகள் வளர்ந்தன. கட்சிக்குள் இருந்த மாற்றுக் குரல் தேய்ந்தது.

எதிரணியில் மட்டும் தொகுதித் தொண்டரைக் கேட்டனரா? மகன் திருமகன் மறைந்தமையால் வந்த இடைத்தேர்தலில் தந்தை இளங்கோவன் காங்கிரசு வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அறிவிப்பு தில்லியிலிருந்து வந்தது. அவர் 66,000க்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2024 திசம்பரில் அவரும் மறைந்தபின், 2025 பிப்பிரவரியில் நடந்த இடைத்தேர்தலில் அத் தொகுதியைத் தி.மு.க. தானே எடுத்துக்கொண்டது, அ.தி.மு.க. தேர்தலையே புறக்கணித்தது. ஈரோட்டின் வேட்பாளரை ஈரோடு தவிர எல்லா ஊரும் முடிவு செய்கின்றன! கோவை நாடாளுமன்றத் தொகுதியின் நிலையும் அதுவே. 2019இல் அங்கு வென்ற மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சிக்கு 2024இல் திண்டுக்கல் தரப்பட்டுக் கோவை தி.மு.க.விடம் சென்றது. தொகுதிகள், ஆட்டக்காய்களைப் போல் கைமாறின.

இந் நோய் இம் மண்ணுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. கடல் கடந்த ஆத்திரேலியாவில் கட்சிகளின் கிளை உறுப்பினர் வாக்களித்து வேட்பாளரை முன்தேர்வு செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கும் தலைமை அதனைத் தாண்டிச் செல்வதுண்டு. சிட்னி நகரின் மேற்கே உள்ள பவுலர் என்னும் தொகுதி, வியட்னாமிய வழியினர் மிகுதியும் வாழும் உழைப்பாளர் பகுதி. 1984இல் உருவான நாள்முதல் தொழிற்கட்சியின் கோட்டை. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அக் கட்சித் தலைமை, உள்ளூர் உறுப்பினர் வாக்கெடுப்பின்றி, வேற்றுப் பகுதியில் வாழ்ந்த கிறித்தீனா கெனீலியை அங்கே இறக்கிற்று. மக்கள் என்ன செய்தனர்? நாடெங்கும் தொழிற்கட்சி வென்று ஆட்சி அமைத்த அதே தேர்தலில், பவுலரில் அதனைத் தோற்கடித்துத் தனியாளாக நின்ற உள்ளூர்ப் பெண்மணி தாய் இலே என்பாரை அனுப்பினர். எங்கள் ஊருக்கு யார் என்பதை எங்களைக் கேட்டுச் சொல் என்பதே அத் தீர்ப்பு.

செருமனி இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளது. கட்சிகளின் உள்ளமைப்பு குடியாட்சி நெறிக்கு இயைந்திருத்தல் வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பே கூறுகிறது. தொகுதி வேட்பாளரை உறுப்பினரோ அவர்தம் பேராளரோ கூடிக் கமுக்க வாக்கெடுப்பினால் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்று தேர்தல் சட்டம் கூறுகிறது. இந்தியாவிலும் 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆம் அறிக்கையில் உள்கட்சிக் குடியாட்சிக்குச் சட்டம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப் பரிந்துரை ஏட்டளவிலேயே உறங்குகிறது.

“உறுப்பினரிடம் விட்டால் சாதியும் பணமும் அல்லவா ஆளும்?” என்று சிலர் கேட்பர். கேள்வி ஞாயமானதே. ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறர் பெயரில் கட்டணங் கட்டிப் போலி உறுப்பினரைச் சேர்த்துக் கிளைகளைக் கைப்பற்றிய செய்தி 2020இல் அம்பலமாகி, அமைச்சரொருவர் பதவி இழந்தார். எனவே, உறுப்பினர் வாக்கு ஒன்றே மருந்தாகிவிடாது. ஆனால், பூட்டிய அறைக்குள் சாதி நுழையவில்லையா? 2024இல் நாமக்கல் தொகுதிக்குக் கொங்கு கட்சியொன்று அறிவித்த வேட்பாளரின் பழைய சாதிவெறிப் பேச்சு ஒளிப்படமாக வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் அவர் மாற்றப்பட்டார். அறைக்குள் இருந்தோர் கண்ணில் படாதது தெருவில் இருந்தோர் கண்ணில் பட்டது. ஒளி பட்ட இடத்தில்தான் நோய் ஆறும், இருட்டில் முற்றும்.

தமிழர்க்கு இது கற்றுத் தெரிய வேண்டிய புதுக்கலையும் அன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அது பார்ப்பனர் ஊரவையின் முறை. எல்லா மக்கட்கும் உரியதாக இல்லை. அக் குறையை மறைத்துப் பெருமை பேசுதல் அறிவுடைமை ஆகாது. ஆயினும், வேட்பாளர்க்கு அது வகுத்த தகுதிகளைக் காணுங்கள்: அகவை முப்பத்தைந்திற்குக் குறையாமலும் எழுபதிற்கு மேற்படாமலும் இருத்தல்; அண்மையில் பொறுப்பு வகித்தவர் உடனே மீண்டும் வாராமை; கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்படுதல். கணக்குக் காட்டாதவன் உறவினனுக்கும் இடமில்லை என்று கல்லில் வெட்டினர் அன்று. உறவினன் என்பதே தகுதியாகி நிற்கிறது இன்று!

செய்ய வேண்டுவது யாது? ஒன்று, ஒவ்வொரு தொகுதியிலும் கட்சி உறுப்பினர் பட்டியல் வெளிப்படையாதல் வேண்டும். ஈராண்டாவது உறுப்பினராய் இருந்தவர்க்கே வாக்குரிமை என்றாதல் வேண்டும். இரண்டு, தொகுதி உறுப்பினர் கமுக்க வாக்கெடுப்பினால் வேட்பாளரை முடிவு செய்தல் வேண்டும். பெற்ற வாக்குகளை அறிவித்தல் வேண்டும். மூன்று, தலைமை அதனை மாற்றுமாயின் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். நான்கு, தோற்றவரைத் துரத்தாத பண்பு வேண்டும். அதற்குக் கொங்கு மண்ணின் மைந்தர் கண்ட 1954ஆம் ஆண்டே வழிகாட்டி.

இவற்றைத் தலைவர்கள் தாமாகத் தரமாட்டார்கள். வேட்பாளர் வாக்குக் கேட்டு வாயிலுக்கு வரும்போது, “நீ எங்கட்கு என்ன செய்வாய்?” என்று கேட்பதற்கு முன்னே, “உன்னை இங்கு அனுப்பியவர் யார்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டு அனுப்பினார்?” என்று கேளுங்கள். கட்சியில் உள்ள இளைஞர்கள் தம் கிளைக் கூட்டத்திலேயே இவ் வினாவை எழுப்புக! மொழியின் உரிமையை ஒருவர் கையொப்பத்திற்கு விட்டுவிடாத தமிழன், தன் வாக்கின் உரிமையை மட்டும் விட்டுவிடலாமா? விழித்தெழுக! முதல் தேர்தலை மீட்டெடுக்க!